கரண்ட் வந்ததும் திறக்கிற கணக்கு

முள்ளியவளையில் ஒரு கொமினிகேஷன் கடைக் கொம்பியூட்டருக்கு முன்னால் ஒரு நாளில் யார் யார் வந்து இருக்கிறார்கள் என்பதை, இந்த நாட்டின் அரச இணையத்தளங்களைக் கட்டுபவர்கள் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும். காலையில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க வரும் அலம்பில் கடற்றொழிலாளி. அவர் எழும்ப, பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு காத்திருக்கும் பிள்ளை. அடுத்து, கனடாவில் இருக்கும் மகனுக்குக் காணி உறுதியை ஸ்கான் பண்ணி அனுப்ப வந்த அம்மா. பள்ளிக்கூடம் விட்டபிறகு, வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்ததா என்று பார்க்க வரும் ஆசிரியர். ஒரே கதிரை, ஒரே மவுஸ், ஒரே பிரவுசர். ஒருவர் எழும்பிய சூடு ஆறுமுன் அடுத்தவர் இருந்துவிடுவார்.

தளங்களைக் கட்டுபவர்களின் மனதில் இருக்கிற ஆள் வேறு. அவருக்குச் சொந்தமாக மடிக்கணினி இருக்கிறது. அதை வேறு எவரும் தொடுவதில்லை. வேலை முடிந்ததும் வலது மூலையில் இருக்கும் சின்னப் படத்தைத் தொட்டு, விரிகிற பட்டியலின் அடியில் இருக்கும் ‘லொக் அவுட்’டைத் தேடிப்பிடித்து அழுத்துகிறார். அப்படிப்பட்டவரை நான் கடையில் கண்டது அருமை. எங்கள் சனங்கள் பக்கத்தை மூடிவிட்டு எழும்புவார்கள். “மூடிப்போட்டன் பிள்ளை, சரிதானே?” என்று கேட்பார்கள். சரியில்லை அம்மா. ஆனால் அது உங்கள் பிழையும் இல்லை. யாருடைய பிழை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் வேலை செய்தேன். மற்றவர்கள் எழுதிய நிரலை உடைத்துப் பார்ப்பதுதான் எங்கள் சம்பளம். அங்கே வெள்ளவத்தை அறையிலிருந்து செய்த வேலையை இப்போது ஊரிலிருந்து செய்கிறேன். மிச்ச நேரம் மாமாவின் கடையில் நிற்கிறேன். இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று இவ்வளவு நெருக்கம் என்பது கடைக்கு வந்தபிறகுதான் விளங்கியது. கொழும்பில் நாங்கள் ‘இப்படி ஒரு நிலைமை வரலாம்’ என்று கற்பனை பண்ணி எழுதிய சோதனைகள் எல்லாம் இங்கே காலை ஒன்பது மணிக்கே நடந்து முடிந்துவிடுகின்றன.

கரண்ட் போவதை எடுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். அதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் கடைக்காரருக்குத் தொல்லை நீண்ட வெட்டு அல்ல, ஐந்து நிமிட வெட்டு. சோளகம் பலமாக அடித்தால் போகும், மாரி மழைக்குப் போகும், ஒன்றுமில்லாமலும் போகும். யூபிஎஸ் பெட்டி மேசைக்குக் கீழே இருக்கிறது, அதன் பற்றரி செத்து வருசக்கணக்கு. கொம்பியூட்டர் அப்படியே இருண்டுவிடும். படிவம் நிரப்பிக்கொண்டிருந்த தம்பி, “நான் பிறகு வாறன் அக்கா” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கரண்ட் வந்ததும் வேறொருவர் அந்தக் கதிரையில் இருப்பார். குரோமைத் திறந்தால் அது அன்பாக ஒரு கேள்வி கேட்கும்: ஒழுங்காக மூடப்படவில்லை, பழைய பக்கங்களைத் திரும்பத் திறக்கவா? வந்தவர் ஆங்கிலத்தை வாசிக்காமலே நீலப் பட்டனை அழுத்துவார். தம்பியின் கணக்கு, முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும் மாத வருமானமுமாக, திரையில் விரியும்.

ஒருமுறை அப்படி விரிந்தது ஒரு திணைக்களத்தின் படிவம். எந்தத் திணைக்களம் என்பது வேண்டாம். கதிரையில் வந்து இருந்தவர் ஊரில் கலியாணம் பேசிவைக்கும் ஐயா. அந்தத் தம்பியின் சம்பளம் பற்றி அவருக்கு அதற்கு முன் இருந்த தகவல் வேறாம். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் வங்கிக் கணக்கு இலக்கத்தை மாற்றும் இடமும் இருந்தது.

இதில் என்ன நடக்கிறது? இணையம் அடிப்படையில் மறதிக்காரன். ஒரு பக்கத்தை அனுப்பிவிட்டு அடுத்த நொடி நீங்கள் யார் என்பதை மறந்துவிடும். 1994 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டூலி என்ற இளம் பொறியியலாளர் அதற்கு ஒரு வழி கண்டார். இணையக் கடையில் வாங்குபவரின் கூடையில் என்ன இருக்கிறது என்று நினைவு வைத்திருக்கத்தான் அது முதலில் தேவைப்பட்டது. சேர்வர் ஒரு சிறு குறிப்பை உங்கள் பிரவுசரிடம் தரும். அடுத்தமுறை பேசும்போது பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். அதுதான் குக்கி. நீங்கள் லொக் இன் பண்ணியதும் தளம் உங்களுக்கென்று ஒரு நீண்ட இலக்கத்தை அந்தக் குக்கியில் போட்டுத் தருகிறது. அதன் பிறகு உங்களிடம் பாஸ்வேர்ட் கேட்பதில்லை. இலக்கத்தைக் காட்டுபவர் எவரோ, அவர்தான் நீங்கள்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சைக்கிளைப் பாதுகாப்பு நிலையத்தில் விட்டால் துண்டு தருவார்கள். அந்த இலக்கம் அவர்களுடைய கொப்பியிலும் இருக்கும். நடுச்சாமத்தில் துண்டை நீட்டுபவரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, இலக்கத்தைத்தான் பார்ப்பார்கள். உங்கள் துண்டை நீங்கள் கிழித்து எறிந்தால் உங்களிடம் துண்டு இல்லை, அவ்வளவுதான். அதே இலக்கத்தை வேறொருவன் எழுதி வைத்திருந்து நீட்டினால் சைக்கிள் அவனோடு போகும். கொப்பியில் அந்த இலக்கத்தை வெட்டினால் மட்டும்தான் கதை முடியும்.

பல தளங்களில் லொக் அவுட் என்பது துண்டைக் கிழிப்பதோடு நின்றுவிடுகிறது. பட்டனை அழுத்தினால் பிரவுசரில் இருக்கும் குக்கி அழிகிறது, முகப்புப் பக்கம் வருகிறது, ‘வெற்றிகரமாக வெளியேறினீர்கள்’ என்று பச்சை எழுத்தில் வருகிறது. சேர்வரின் கொப்பியில் இலக்கம் வெட்டப்படாமல் அப்படியே உயிரோடு இருக்கிறது. சோதனைக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்கும் விதம் மிக எளிது. லொக் அவுட் பண்ணுமுன் குக்கியைப் பிரதி எடுத்து வைப்போம். பிறகு அதைத் திரும்பப் போட்டுப் பக்கத்தைத் திறப்போம். திறந்தால், தளம் தேறவில்லை. ஐந்து நிமிட வேலை. கொழும்பில் நான் வேலை செய்த காலத்தில், பார்க்க அழகான, லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய தளங்கள் இந்த ஐந்து நிமிடத்தில் விழுவதைக் கண்டிருக்கிறேன்.

நிரல் எழுதுபவர்களிடம் கேட்டால் ஒரு சமாதானம் வைத்திருப்பார்கள். இப்போதெல்லாம் சேர்வர் கொப்பியே வைப்பதில்லை, கையொப்பமிட்ட ரோக்கன் ஒன்றை ஆளிடமே கொடுத்துவிடுகிறோம், கையொப்பம் சரியென்றால் உள்ளே விடுவோம், இதனால் சேர்வருக்குச் சுமை குறைவு என்பார்கள். உண்மைதான், சுமை குறைவு. ஆனால் கொப்பி இல்லையென்றால் வெட்டுவதற்கும் இடமில்லை. அந்த ரோக்கனில் எழுதியிருக்கும் நேரம் முடியும்வரை அது செல்லும். இருபத்துநான்கு மணித்தியாலம் செல்லும் ரோக்கனைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு லொக் அவுட் பட்டனும் வைப்பதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன். அந்த முறைதான் வேண்டுமென்றால் ரோக்கனின் ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறைத்துவிட்டு, புதுப்பிக்கும் உரிமையையாவது சேர்வரின் கையில் வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். செய்யாதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள்.

இந்த இலக்கம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்குப் பெரிய இடத்துக் கதைகளே சாட்சி. 2018 செப்டெம்பரில் பேஸ்புக் ஏறத்தாழ 9 கோடிப் பேரைத் தானாகவே லொக் அவுட் பண்ணியது. எங்கள் பகுதியிலும் சிலர் போனைக் கொண்டு ஓடிவந்தார்கள், “பேஸ்புக் என்னை வெளியில தள்ளிப்போட்டுது” என்று. உங்கள் பக்கம் மற்றவருக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்கும் ஒரு வசதியில் இருந்த ஓட்டையால் மற்றவர்களின் ரோக்கன்கள் வெளியே கசிந்திருந்தன. பாஸ்வேர்ட் ஒன்றும் களவு போகவில்லை. களவு போனது அந்தத் துண்டுகள். முதலில் 5 கோடி என்றார்கள், பிறகு 3 கோடிப் பேரின் ரோக்கன்கள் என்று திருத்தினார்கள். அந்த நேரத்தில் பேஸ்புக்கைத் திட்டியவர்கள் பலர். நான் ஒரு விடயத்தில் பாராட்டுவேன்: எல்லோருடைய இலக்கத்தையும் ஒரே இரவில் வெட்டக்கூடிய கொப்பி அவர்களிடம் இருந்தது. 2021 மார்ச்சில் நிரலாளர்களின் கிற்ஹப் தளமும் அதையே செய்தது. ஒருவரின் செஷன், அதாவது லொக் இன் பண்ணி உள்ளே இருக்கும் நிலை, மிக அரிதாக இன்னொருவரின் பிரவுசருக்குப் போகும் பிழை ஒன்றைக் கண்டதும் எல்லோரையும் ஒன்றாக வெளியேற்றியது. எங்கள் அரச தளம் ஒன்றில் நாளைக்கு இப்படி ஒன்று நடந்தால், எல்லோரையும் ஒரே நேரத்தில் வெளியேற்ற எங்கே அழுத்துவது என்று அங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

2023 மார்ச்சில் ‘லைனஸ் ரெக் ரிப்ஸ்’ என்ற பெரிய யூரியூப் சனலைக் களவெடுத்தார்கள். விளம்பர ஒப்பந்தம் போல வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார். அதற்குள் இருந்த நச்சு நிரல் அவருடைய பிரவுசரில் இருந்த செஷன் தரவை அள்ளிக்கொண்டு போய்விட்டது. பாஸ்வேர்ட் தேவைப்படவில்லை, போனுக்கு வரும் இரகசிய இலக்கமும் தேவைப்படவில்லை. கதவைத் தாண்டி உள்ளே வந்தவருக்கான துண்டு கையில் இருக்கும்போது கதவில் எத்தனை பூட்டு இருந்தால் என்ன? கொம்பியூட்டரையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தக் கதி என்றால், கடையின் பொதுக் கொம்பியூட்டரில் இருக்கும் எங்கள் சனங்களைப் பற்றி யோசியுங்கள். அந்த இயந்திரத்தில் யார் யாருடைய பென் ட்ரைவ் எல்லாம் ஏறி இறங்கியிருக்கிறதோ.

‘கூகுள் மூலம் உள்நுழைக’ என்ற பட்டன் தனிச் சங்கடம். பிள்ளைகள் அதைத்தான் அழுத்துவார்கள், பாஸ்வேர்ட் நினைவு வைக்கத் தேவையில்லை என்பதால். அந்தத் தளத்தில் லொக் அவுட் பண்ணினாலும் கூகுள் கணக்கு பிரவுசரில் திறந்தபடியே நிற்கும். மெயில், படங்கள், சேமித்த பாஸ்வேர்ட்கள் எல்லாம் அதன் பின்னால். 2018 இல் வந்த குரோமின் 69 ஆவது பதிப்பு ஒருபடி மேலே போனது: ஜிமெயிலுக்குள் போனாலே பிரவுசருக்குள்ளும் உங்கள் பெயரில் புகுந்ததாக எடுத்துக்கொண்டது. எதிர்ப்பு வந்ததும் அடுத்த பதிப்பில் அதை நிறுத்தும் தெரிவைக் கொடுத்தார்கள். அந்தத் தெரிவு எங்கே இருக்கிறது என்று தேடும் பொறுமை எந்தக் கடைக்காரருக்கு இருக்கிறது?

கடைக்காரரின் பொறுப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாங்கள் இப்போது ஒவ்வொரு ஆளுக்கும் விருந்தினர் பக்கம் ஒன்றைத் திறந்துதான் கதிரையைக் கொடுக்கிறோம். அதை மூடினால் குக்கி எல்லாம் போய்விடும், கரண்ட் போனாலும் திரும்பி வராது. எல்லாக் கடைகளும் செய்யலாம், செலவில்லை. ஆனால் கடைக்காரரின் நல்ல மனதில் தங்கியிருக்கும் பாதுகாப்பு பாதுகாப்பல்ல. அந்தத் தளங்களைக் கட்டியவர்களோ, ‘பொதுக் கொம்பியூட்டரில் லொக் அவுட் செய்ய மறவாதீர்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டதோடு தங்கள் பங்கை முடித்துக்கொள்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கொழும்பில் யாரும் அதை என்னிடம் சொன்னதில்லை. சோதனைக்காரியாக இருந்தபோது, ஆள் சும்மா இருந்தால் எத்தனை நிமிடத்தில் வெளியேற்ற வேண்டும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வேன். இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் வழிகாட்டியில் இருக்கிறது: பணம் போன்ற பெரிய விடயமென்றால் 2 முதல் 5 நிமிடம், ஆபத்துக் குறைந்ததென்றால் 15 முதல் 30 நிமிடம். நல்ல எண்கள்தான். இப்போது அதே எண்களை எங்கள் கதிரையில் வைத்துப் பாருங்கள். குமுழமுனையிலிருந்து வந்த ஐயா பாதிப் படிவம் நிரப்பியபின், பிறப்புச் சான்றிதழ் இலக்கம் கேட்கிறது. அது வீட்டில், றங்குப்பெட்டிக்குள். அல்லது ஓ.ரி.பி. இலக்கம் போக வேண்டிய போன் மகளிடம். மகள் வவுனியாவில் ஆடைத்தொழிற்சாலையில், வேலை நேரத்தில் போனைத் தொட முடியாது. பத்து நிமிடத்தில் தளம் அவரை வெளியே தள்ளுகிறது. தள்ளுவதில் பிழையில்லை. நிரப்பியதையெல்லாம் அழித்துவிட்டுத் தள்ளுகிறதே, அங்கேதான் பிழை.

இரண்டாம் முறை அழிந்ததும் ஐயா என்ன செய்வார்? “பிள்ளை, நீ என்ர பாஸ்வேட்டை எழுதி வைச்சுக்கொள், ஓ.ரி.பி. வந்தோண்ண சொல்லுறன், நீயே போட்டுவிடு” என்பார். இப்படித்தான் வடக்கில் எந்தக் கொமினிகேஷன் கடையிலும் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி பிறக்கிறது. பெயர், அடையாள அட்டை இலக்கம், ஈமெயில், பாஸ்வேர்ட், போன் இலக்கம். பல பேருக்கு அந்த ஈமெயிலையே கடைக்காரர்தான் திறந்து கொடுத்திருப்பார். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தபோது இந்தக் கொப்பிகள் வீங்கின. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் வாங்க ஊரே கடைக்கு வந்தது. பதினெட்டு வயதைக் கடந்த எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்று 2024 இல் வந்தபோது இரண்டாம் கொப்பி தொடங்கியது. களவெடுக்க வருபவன் குக்கியைத் தேடத் தேவையில்லை, லாச்சியைத் திறந்தால் போதும். பாதுகாப்புக்கென்று வைத்த பத்து நிமிடக் கணக்குத்தான் அந்தக் கொப்பியை எழுத வைத்தது. இதை எந்தப் பாதுகாப்புப் பரிசோதனை அறிக்கையிலும் நான் வாசித்ததில்லை.

தீர்வு ஒன்றும் வானத்திலிருந்து வர வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதி நிரப்பியதும் அதைச் சேர்வரிலேயே வரைவாகச் சேமித்துவிட்டு, ஐந்து நிமிடத்திலேயே தள்ளிவிடுங்கள். ஐயா பின்னேரம் சான்றிதழோடு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். வெளியேறும் பட்டனை மூலைப் படத்துக்குள் ஒளிக்காமல், வேலை முடிந்த பக்கத்தின் நடுவில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக வையுங்கள். அதைவிட நல்லது, படிவம் சமர்ப்பித்ததும் ‘இது உங்கள் சொந்தக் கருவியா, கடைக் கொம்பியூட்டரா’ என்று கேட்டு, கடை என்றால் தானாகவே வெளியேற்றுவது. உள்ளே இருந்த பக்கங்களைப் பிரவுசர் சேமித்து வைக்காதபடி கட்டளை அனுப்புங்கள். இல்லாவிட்டால் வெளியேறியபிறகும் பின்னோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் ஐயாவின் வங்கி இலக்கம் திரும்பவும் வந்து நிற்கும். பாஸ்வேர்ட் மாற்றினால் மற்ற இடங்களில் திறந்திருக்கும் செஷன் எல்லாம் சாக வேண்டும். வாட்ஸ்அப்பில் இணைத்த கருவிகளின் பட்டியலைப் போனிலேயே பார்த்து ஒவ்வொன்றாகத் துண்டிக்கலாம்; அந்த வசதி ஒரு அரச தளத்தில் ஏன் இருக்கக்கூடாது?

காலம் அவசரமானது. 2025 பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளுக்கான கவ்பே தொடங்கியாயிற்று. டிஜிட்டல் அடையாள அட்டை வருகிறது என்கிறார்கள்; வந்தால் ஒரே லொக் இன் பல கதவுகளைத் திறக்கும். கதவுகள் கூடினால் அந்த ஒற்றைத் துண்டின் விலையும் கூடும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வைத்திருப்பவர் அதன் இரகசியத்தைக் காக்க உரிய தொழில்நுட்ப ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான பகுதிகளைப் பின்போட்டார்கள். 2023 இல் அரசின் சொந்த மேகக் கணினியில் கப்பம் கேட்கும் நச்சு நிரல் புகுந்து, அந்த ஆண்டு மே நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்துபோன பிறகும்கூட.

சட்டத்தின் அந்தப் பகுதிகள் நடைமுறைக்கு வரும்வரை காத்திராமல் கேள்விமனுவில் சில வரி சேர்க்கலாம். தளம் கட்டித் தரும் நிறுவனம் பணம் வாங்குமுன் மூன்று சோதனைகளில் தேற வேண்டும்: வெளியேறியபின் பழைய குக்கி செல்லக்கூடாது, பின்னோக்கிய அம்புக்குறி எதையும் காட்டக்கூடாது, படிவத்தின் நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கி, வேறொருவரை அந்தக் கதிரையில் இருத்தினால் அவருக்கு ஒன்றும் தெரியக்கூடாது, திரும்பி வரும் முதல் ஆளுக்கு ஒன்றும் தொலைந்திருக்கக்கூடாது. மூன்றாவது சோதனைக்குக் கொழும்பில் ஆய்வுகூடம் தேவையில்லை. எந்தப் பிரதேச செயலகத்துக்குப் பக்கத்திலும் இரண்டு கொமினிகேஷன் கடையாவது இருக்கும். ஆளை அனுப்புங்கள், கதிரை தருவோம், கரண்ட்டை நிற்பாட்டுவதற்கும் நாங்கள் ஒழுங்கு செய்ய வேண்டியிராது.